ஐஸ் பெட்டியில் வைத்த பந்து

கட்டைவிரலால் ஒரு பந்தை அழுத்திப் பார்த்து, உள்ளிருக்கும் காற்று போதுமா மிகையா என்று சொல்வதைத் தவிர, வேறு எந்தத் திறமையையும் என் அண்ணன் என்னிடத்தில் ஒப்புக்கொண்டதில்லை. அதையும் அவர் பாராட்டாகச் சொன்னதில்லை. அவர் இறந்த மறுநாள் காலையில், அந்த ஒரு திறமையும் எனக்கு எதிராகவே சாட்சி சொல்லிற்று.

எங்கள் தந்தையார் தெற்கிலிருந்து ஆவடிக்கு வந்து, பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். அத்தொழிற்சாலையின் குடியிருப்பில்தான் நாங்கள் இருவரும் பிறந்தோம். வளர்ந்து அதே தொழிற்சாலையில் வேலைக்கும் சேர்ந்தோம். அண்ணன் தொழிற்சாலைக் கால்பந்து அணியின் கேப்டன், கோல்கீப்பர். நான் அந்த அணியின் பட்டியலில் பெயரளவில் இருந்தவன். ஆட்டத்துக்கு முன் பந்துகளுக்குக் காற்றடிப்பதும், ஆட்டம் முடிந்தபின் சேற்றைத் துடைத்துச் சாக்குப் பையில் கட்டுவதும் என் பொறுப்புகள். காற்றடிக்கும் ஊசி தொலைந்துவிடக் கூடாதென்று அதை எப்போதும் என் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன். அந்தப் பழக்கம் ஓய்வுபெற்ற பின்னும் என்னை விடவில்லை. மைதானத்தின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே சென்று ஆடும் வாய்ப்பு எனக்கு ஒருமுறையும் கிடைத்ததில்லை. அணியைத் தேர்ந்தெடுப்பவர் அண்ணன்.

ஒரு மார்கழிக் காலையில், பனி விலகுமுன், வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பந்துக்குக் காற்றடித்தேன். விரலுக்குச் சரியாக இருந்தது. ஆட்டமோ உச்சி வெயிலில்தான் தொடங்கிற்று. அதுவரை பந்து மைதானத்து ஓரத்தில் வெயிலிலேயே கிடந்தது. எதிரணியினர் அடித்த முதல் பந்தை அண்ணன் பாய்ந்து பிடித்தார்; பிடித்த வேகத்தில் அவருடைய வலக்கைச் சுண்டுவிரல் பின்பக்கமாக மடிந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு, நான் நின்றிருந்த ஓரத்துக்கு நேராக நடந்து வந்தார். நல்ல கையால் என் கன்னத்தில் அறைந்தார்.

“பந்துக்குக் காத்தடிக்கச் சொன்னா கல்ல ஊதி வெச்சிருக்கான் பாரு! டேய், உன்னால ஒரு வேலையாவது ஒழுங்கா ஆவுமாடா?”

மைதானம் முழுவதும் சிரித்தது. அந்தச் சுண்டுவிரல் அவருக்கு ஆயுள் முழுவதும் கோணலாகவே நின்றுவிட்டது. ஒவ்வொரு விருந்திலும், புதிதாக வருகிறவர்களிடம் அதை நீட்டிக் காட்டி, “என் தம்பி கொடுத்த பரிசு” என்பார்.

நான் படிப்பை இடையில் நிறுத்தியவன். கிளை நூலகத்தில் வாசித்ததே என் கல்வி. அன்றைய அறைக்குப் பிறகு, அங்கிருந்த பள்ளி அறிவியல் நூல் ஒன்றைத் தேடியெடுத்து, காற்றின் இயல்பைப் பற்றிய பாடத்தை எழுத்தெண்ணி வாசித்தேன். சூடேறிய காற்று கூடுதலாக இடம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் தன்னைச் சூழ்ந்த சுவரை முட்டித் தள்ளும். அதே காற்று குளிர்ந்தால் முட்டும் வேகம் தணியும். சுவர் மெல்லியதாக இருப்பின் அதுவும் உடன் தளரும். உள்ளிருக்கும் காற்று ஒரு துளியும் குறையாமலே இவ்வளவும் நிகழும். பனிக்காலத்துக் காலையில் அடித்த காற்று, நண்பகலில் பந்தைக் கல்லாக்கியதன் காரணம் எனக்கு விளங்கிற்று. அதன்பின் குளிர்ந்த வேளைகளில் சற்றுக் குறைவாகவே அடித்தேன். பந்தில் குறை சொல்ல யாருக்கும் இடம் வைக்கவில்லை.

இதை ஒருநாள் அண்ணனிடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, அணியினரைப் பார்த்துத் திரும்பினார். “கேட்டீங்களாடா? உலகத்துலயே புஸ்தகம் படிச்சுக் காத்தடிக்கிற ஒரே ஆளு நம்மகிட்டதான்டா கீறான்!”

அண்ணனுக்கு இரண்டும் பெண்கள். அவர் ஓய்வுபெற்ற நாளில், நெமிலிச்சேரி ரயில் நிலையத்துக்கு அருகில் அவர் கட்டிய புது வீட்டில் விருந்து நடந்தது. உறவினர் ஒருவர், கொள்ளி வைக்க மகன் இல்லையே என்று நாசூக்கில்லாமல் வருந்தினார். அண்ணன் கையிலிருந்த தம்ளரை வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“ஆம்பளைப் புள்ள இல்லன்னு எவனும் எனக்காக அழுவாதீங்க. தோ கீறானே என் தம்பி, இவன்தான் எனக்குக் கொள்ளி வைப்பான். பந்துக்குக் காத்தடிக்கிறது, எனக்குக் கொள்ளி வைக்கிறது. அவனால ஆவுற வேலை இந்த ரெண்டுதான்.”

கூடம் அதிர்ந்து சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும் அந்தச் சொல்லை நான் பத்திரப்படுத்திக்கொண்டேன். ஏளனமாகச் சொன்னாலும் ஊரறியச் சொன்னார். அந்த வீட்டில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் அது ஒன்றுதான். ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் நான் நடப்பேன். தீச்சட்டி என் கையில் இருக்கும். அவர் என் பின்னால் வருவார்.

கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாளொன்றில் அண்ணன் மாரடைப்பில் இறந்தார். இளைய மகள் வெளிநாட்டிலிருந்து வந்து சேர மறுநாள் ஆகுமென்பதால், வாடகைக்கு ஐஸ் பெட்டி வரவழைத்தார்கள். தெருவை அடைத்துப் போட்ட ஷாமியானாவின் கீழ், கண்ணாடி மூடியிட்ட அந்த நீளப் பெட்டிக்குள் அண்ணன் கிடத்தப்பட்டார். பெட்டியின் இயந்திரம் ஓயாமல் உறுமிற்று. வெளியே நின்றவர்களின் சட்டை வியர்வையில் ஒட்டியது. உள்ளே அவருடைய மீசை நுனியில் பனி படிந்தது. கண்ணாடி மங்கும்போதெல்லாம் யாரேனும் ஒரு துண்டால் துடைத்துவிட்டார்கள். மாலைகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலக்கையில், கோணல் சுண்டுவிரல் மட்டும் தனியே தெரிந்தது.

பழைய அணியில் தடுப்பாட்டக்காரனாக இருந்தவன் ஒருவன் இப்போது பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் வந்து பெட்டியின்மேல் விழுந்து அழுதான். அழுகை ஓய்ந்ததும் என்னைத் தனியே இழுத்தான்.

“அண்ணாத்தே, கேப்டன வெறுங்கையோட அனுப்பக் கூடாது. ஊட்டுப் பரண்மேல பழைய மேட்ச் பந்து ஒண்ணு கீது. எனக்குத் தெரியும். அத எடுத்துக் காத்தடி. பக்கத்துல வெச்சு அனுப்புவோம்.”

அண்ணியிடம் கேட்டேன். “இப்பவும் பந்துதானா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை நாங்கள் சம்மதமாகக் கொண்டோம்.

பந்து மிகப் பழையது, தையல் நைந்திருந்தது. அவன் தன் ஆட்டோவிலிருந்து பம்பைக் கொண்டுவந்தான். நண்பகல் வெயிலில், ஷாமியானாவின் ஓரத்தில் குந்தி, என் சட்டைப் பையிலிருந்த ஊசியை எச்சில் தொட்டுச் செலுத்திக் காற்றடித்தேன். பம்பின் உருளை கையில் சுட்டது. பந்து உருண்டு திரண்டதும் நிறுத்திவிட்டேன்.

“இன்னும் ரெண்டு அடி அடி அண்ணாத்தே. கேப்டனுக்கு இன்னா கஞ்சத்தனம்?”

“தையல் தாங்காது. பிரிந்துவிட்டால் அசிங்கம்.”

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். உருண்டையாக நிற்கப் போதுமான காற்றுத்தான். அதற்கு மேல் இல்லை. பெட்டியைத் திறந்து, அந்தக் கோணல் விரலுக்கு அருகில் பந்தை வைத்தோம். கூட்டத்தில் அழுகை மீண்டும் கிளம்பிற்று. பலர் செல்பேசியில் படம் எடுத்தார்கள். மூத்த மருமகன் என் தோளைத் தொட்டு, “நல்ல காரியம் செஞ்சீங்க, சின்ன மாமா” என்றார். கோவைப் பக்கத்தவர், பொறியியல் படித்தவர், கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்துகொண்டு, திருவேற்காட்டில் அடுக்குமாடி வீட்டில் வசிப்பவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

அன்றிரவு பெட்டிக்கு அருகில் விழித்திருந்தவன் நான். சரிந்த மாலையொன்றைச் சீராக்க ஒருமுறை மூடியைத் தூக்கினேன். அதை அண்ணியின் தம்பி நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டேன்.

விடிந்து வெயில் ஏறியதும், இளைய மகள் விமான நிலையத்திலிருந்து வந்து சேர்ந்தாள். அவள் தந்தையைத் தொட்டு அழுவதற்காக மூடியை அகற்றினார்கள். அழுதுகொண்டே அவள் பந்தின்மேல் கையை ஊன்றினாள். கை உள்ளே இறங்கிற்று. பந்து ஒரு பக்கம் குழிந்து, தோல் சுருங்கி, முகம் வற்றிய கிழவனைப் போலக் கிடந்தது.

“அய்யோ, அப்பாவோட பந்துல காத்தே இல்லயே!”

அழுகை சட்டென்று நின்றது. அண்ணி எழுந்து வந்தார். பந்தை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, நேத்து நீதான காத்தடிச்ச?”

“ஆமாம் அண்ணி. இறுக்கமாகத்தான் இருந்தது. உள்ளே குளிர் அதிகம். குளிர்ந்த காற்று ஒடுங்கும். வெளியே வைத்தால் மீண்டும்...”

அண்ணியின் தம்பி நாற்காலியிலிருந்து எழாமலே குரல் கொடுத்தார். “குளிர்ல சுருங்குமா? அப்போ உள்ள படுத்துகினு கீற எங்க மச்சானும் சுருங்கி இருக்கணுமே? அவரு அப்டியேதான கீறாரு? பந்து மட்டும் சுருங்கிச்சா?”

இறந்தவரை வைத்துக்கொண்டு சிலர் சிரித்தார்கள். அவருக்கு அது போதவில்லை.

“நைட்டு மூடியத் தூக்கி உள்ள கைய விட்டியே, அது இன்னாத்துக்கு?”

“மாலையைச் சரிசெய்ய.”

“மாலைய! இத்தினி பேரு தூங்கறப்போ இவருக்கு மாலை மேல அக்கறை!”

தையல் வழியே காற்று கசிந்திருக்கலாமே என்று மூத்த மகள் கேட்டாள். நல்ல மனத்தோடுதான் கேட்டாள். உடனே ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வந்தார்கள். பங்ச்சர் கடையில் டியூபை அமுக்குவதுபோல் பந்தை அமுக்கினார்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வந்த நீர். காலையிலேயே சுடும் நீர். எல்லாரும் குனிந்து நின்று கொப்புளம் வருகிறதா என்று பார்த்தார்கள். ஒன்றுகூட வரவில்லை. நீருக்குள் பந்தின் குழிவு மெல்ல மேலெழும்புவதை நான் பார்த்தேன்.

“அதை இப்போது அழுத்திப் பாருங்கள்” என்றேன். “தண்ணீரிலேயே வைத்து அழுத்திப் பாருங்கள்.”

கொப்புளத்தைத் தேடியவர்களுக்கு என் பேச்சு இடைஞ்சலாக இருந்தது. பந்தை வெளியே எடுத்து எறிந்தார்கள்.

“ஓட்டை இல்ல” என்று அண்ணியின் தம்பி தீர்ப்பு வழங்கினார். “ஓட்டை இல்லன்னா இன்னா அர்த்தம்? எவனோ ஊசி போட்டு எறக்கிக்கிறான். ஊசி யாராண்ட கீது?”

அப்போதுதான் எல்லாருடைய பார்வையும் என் சட்டைப் பைக்கு வந்தது. மெல்லிய துணி, ஊசியின் வடிவம் வெளியே தெரிந்தது. அவர் எழுந்து வந்து, என்னைக் கேளாமலே பைக்குள் இரண்டு விரலை விட்டு, ஊசியை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

ஷேர் ஆட்டோ ஓட்டுபவனைப் பார்த்தேன். நேற்று அந்தப் பந்தைத் தொட்டுப் பார்த்தவன் அவன்தான். “நீயே சொல். நேற்று எப்படி இருந்தது?”

“நேத்து கரெக்டாதான் இருந்துச்சு” என்றான். பிறகு கூட்டத்தின் முகங்களைப் பார்த்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான். “அதுக்கப்புறம் இன்னா ஆச்சுன்னு எனக்கு இன்னா தெரியும் அண்ணாத்தே? நான் ஊட்டுக்குப் பூட்டேன்ல.”

அண்ணி எனக்கு நேர்முன் வந்து நின்றார். அந்த வீட்டில் என்னை வைத்து மற்றவர்கள் சிரித்த நேரங்களிலெல்லாம் அவர் சிரிக்காமல் இருந்தவர். அதனால் அவர் சொன்னதுதான் ஆழமாக இறங்கிற்று.

“உயிரோட இருந்தவரைக்கும் அவருக்காகக் காத்தடிச்ச. செத்ததும் காத்தப் புடுங்கிட்டியா? ஒரு நாளும் உன்ன ஆட விடலன்னு இத்தினி வருசம் மனசுல வெச்சுகினு இருந்தியா? ஒரு பொணத்துகிட்டயா தம்பி அதக் காட்டுவ?”

நான் மீண்டும் விளக்க முற்பட்டேன். மார்கழிக் காலையைச் சொன்னேன். கல்லான பந்தைச் சொன்னேன். அந்தச் சுண்டுவிரலைக் காட்டினேன். அதுவே பெரும்பிழையாயிற்று.

“பாத்தியா, அந்த வெரலையும் இவன்தான் ஒடச்சான்!” என்றது ஒரு குரல். “அப்பத்துலேர்ந்தே மனசுல வஞ்சம் கீது” என்றது மற்றொன்று.

சடங்கு செய்பவர் வந்து, கொள்ளி வைப்பவர் யார், குளித்துவிட்டு வரட்டும் என்று கேட்டார். நான் தோள் துண்டை எடுத்தேன். அண்ணி என்னைப் பார்க்காமல் சொன்னார்: “இவன் கை என் புருசன் மேல படக் கூடாது.”

மூத்த மருமகன் முன்னால் வந்தார். இத்தனை நேரமும் கைகளைக் கட்டிக்கொண்டு பக்கெட்டுக்கு அருகில் நின்றிருந்தவர். வழக்கமான மென்குரலில் சொன்னார்: “அத்தை, நீங்க வருத்தப்படாதீங்க. நான் இருக்கேனுங்க. மகன் செய்யறத நான் செய்யறேன்.” பிறகு என்னிடம் திரும்பினார். “சின்ன மாமா, நீங்க வீட்டுலயே இருங்க. பெண்களுக்கு ஒரு துணை வேணுமில்லைங்களா?”

ஆண்கள் எல்லாரும் போனார்கள். முன்னால் மருமகன் தீச்சட்டியோடு நடந்தார். பறையும் பட்டாசுமாக ஊர்வலம் தெருமுனையைத் திரும்பிற்று. ஷேர் ஆட்டோ ஓட்டுபவனுக்குப் பாடையின் முன்கம்பு கிடைத்திருந்தது. பம்பு கிடந்த அவனுடைய ஆட்டோவை அவன் மகன் பின்னால் ஓட்டிச் சென்றான். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அன்று அவர்களோடு நானும் போகவில்லை.

வாடகைக்காரர்கள் ஷாமியானாவைப் பிரித்தார்கள். நிழல் விலகியதும், தெருவிலும் முற்றத்திலும் வெயில் நேராக விழுந்தது. பந்து முற்றத்துச் சிமெண்டுத் தரையில், எறிந்த இடத்திலேயே கிடந்தது. உள்ளே பெண்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பார்ப்பதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. பந்தின் ஈரம் முதலில் உலர்ந்தது. பிறகு குழிவின் ஓரம் மேலெழுந்தது. சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. சிமெண்டின் சூடு கீழிருந்தும், கத்திரி வெயில் மேலிருந்தும் ஏற ஏற, தோல் இறுகி, நைந்த தையல்கள் விறைத்து நின்றன. நேற்று நான் அடித்தபோது இருந்ததைவிடவும் இறுக்கமாகிவிட்டது. நான் அதைத் தொடவில்லை. எனக்கு அதைத் தொடவேண்டிய தேவை இருக்கவில்லை, பார்த்தாலே தெரியும்.

அந்நேரம் சுடுகாட்டில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று கணக்கிட்டேன். இன்னும் சிதையை வரட்டியால் மூடியிருக்க மாட்டார்கள், கொள்ளியும் வைத்திருக்க மாட்டார்கள். யாரேனும் ஒருவர் இந்தப் பந்தை இப்போது பார்த்துவிட்டு, ஒரு செல்பேசி அழைப்பு விடுத்தால் போதும். நான் உரக்கக் கூப்பிட்டேன்:

“அண்ணி! வெளியே வந்து பந்தைப் பாருங்கள்!”

அண்ணி நனைந்த சேலையோடு வந்தார். பந்தைப் பார்த்து நின்றுவிட்டார். வெறுங்காலால் அதை மிதித்துப் பார்த்தார். அது அமுங்கவில்லை, காலை மேலே தள்ளிற்று. அவருடைய முகத்தில் ஒரு கலக்கம் தோன்றியதை நான் கண்டேன். அந்தக் கலக்கத்தையே நான் நம்பினேன்.

“அதுக்குள்ள காத்தடிச்சு வெச்சிட்டியா?”

“நான் தொடவே இல்லை அண்ணி. வெயிலில் தானாக...”

“பம்பு எங்க?”

“என்னிடம் பம்பு இல்லை. ஊசியும் இல்லை. உங்கள் தம்பிதான் எடுத்துக்கொண்டார்.”

என் துணிப்பையைப் பெண்கள் கொட்டிப் பார்த்தார்கள். மாற்று வேட்டியும், மாத்திரைப் பட்டையும், கண்ணாடிக் கூடும் விழுந்தன. நாற்காலிக்கு அடியில் பார்த்தார்கள். மோட்டார் அறைக்குள்ளும் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி யோசித்துவிட்டுச் சொன்னாள்:

“பம்பு எதுக்குமா? வாயாலயே ஊதி இருப்பாரு. இவருக்கு இதே வேலைதான?”

“ஆமாமா” என்றாள் இன்னொருத்தி. “ஆம்பளைங்க எல்லாம் போவட்டும்னு பாத்துகினு இருந்து, ஊதி வெச்சிட்டு, பாருங்க நான் ஒண்ணும் பண்ணலன்னு நாடகம் ஆடறாரு.”

அண்ணியின் முகத்திலிருந்த கலக்கம் அகன்றது. அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். “குத்தம் பண்ணவன்தான் இப்டி ஓடி ஓடி மறைப்பான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெயில் சாயும் வேளையில் ஆண்கள் திரும்பினார்கள். மருமகன் மீசையை மழித்து, ஈரத்தலையோடு வந்தார். பெண்கள் வாசலிலேயே அவரிடம் நடந்ததைச் சொன்னார்கள். அவர் பந்தை எடுத்து, இரு கையாலும் அழுத்திப் பார்த்தார். கால் கழுவும் சாக்கில் நான் நின்றிருந்த குழாய்ப் பக்கம் வந்தார். வேறு யாரும் அருகில் இல்லை.

“வெயில்ல நல்லா ஏறிடுச்சுங்க” என்றார்.

நான் அவரையே பார்த்தேன்.

“காலையில பக்கெட்ல போட்டப்பவே கவனிச்சேனுங்க. சுடுதண்ணியில எழும்புச்சு. பாடத்துல படிச்சதுதானுங்களே. ஐஸ் பெட்டியில வெச்சா எறங்கத்தான் செய்யும்.”

“தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை?”

அவர் பாதங்களை ஒன்றோடொன்று தேய்த்துக் கழுவினார். “சொல்லியிருந்தா சட்டி உங்க கைக்கில்லைங்க போயிருக்கும்? இந்த வீட்டுக்கு ஆம்பளைப் பையன் இல்லைன்னு இனிமே ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. உங்களுக்கு அதனால என்னங்க நட்டம்? நீங்க எப்பவும் ஓரத்துல நின்னவர்தானே.” குழாயை மூடிவிட்டு, ஒரு மகனுக்குரிய பணிவோடு எனக்கு வழிவிட்டு நின்றார்.

உள்ளே சென்று இதைச் சொன்னேன். மருமகன் மறுக்கக்கூட இல்லை. வருத்தமாகத் தலையை மட்டும் அசைத்தார். “பாவம், மாப்பிள்ளை மேலயும் பழி போட ஆரம்பிச்சிட்டியா?” என்றார் அண்ணி.

காரியத்தன்று நான் போனேன். அழைப்பில்லை, தடுக்கவும் இல்லை. கூடத்தில் புதிதாக ஏ.சி. பொருத்தியிருந்தார்கள். சுவரில் மாலையிட்ட அண்ணனின் படம். அதன்கீழ் ஒரு மரத்தாங்கியில் அந்தப் பந்து. எரியவேண்டிய பந்தை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று யாரோ கேட்டபோது, “இருக்கட்டும், நாலு பேர் பாக்கட்டும்” என்றாராம் அண்ணி. பந்திக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அதைத் தொட்டுப் பார்த்தார்கள். கத்திரியில் அடித்த காற்று அந்தக் குளிர்ந்த கூடத்தில் சற்றே தளர்ந்திருந்தது. கட்டைவிரல் மெல்ல அமிழ்ந்தது. அழுத்திப் பார்த்த ஒவ்வொருவரும் திரும்பி, இலைக்கு முன் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள்.

அண்மையில், பூந்தமல்லி போகும் வழியில் ஷேர் ஆட்டோவில் அவனைக் கண்டேன். முன் இருக்கையில் தன் பக்கத்திலேயே எனக்கு இடம் கொடுத்தான்.

“இன்னா அண்ணாத்தே, இன்னும் கோவமா? அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாத நெலம.”

“அந்த வீட்டுக்குப் போகிறாயா?”

“போவாம? போன வாரம் கூட என் சம்பந்திய இட்டுகினு போனேன். அண்ணி கதையச் சொல்லுது, பந்தக் காட்டுது. அவரும் அமுக்கிப் பாத்துட்டு ச்சு கொட்டினாரு.”

“கரண்ட் இல்லாத பகலில் எப்போதாவது அதை அழுத்திப் பார்த்திருக்கிறாயா?”

அவன் கியரை மாற்றினான்.

“கரண்ட் இல்லன்னா அந்தக் கூடத்துல எவன் அண்ணாத்தே குந்துவான்? அனல் கொதிக்கும். யார் வந்தாலும் அண்ணி மொதல்ல ஏ.சி.யப் போடும். ஜில்லுனு ஆனப்புறம் ஜூஸ் குடுக்கும். பந்து கதையெல்லாம் அதுக்கப்புறந்தான்.”